திரும்பி நின்றவள்

9

காலை ஒன்பதரைக்குள் பிரேம்நாத் அந்த ஒரே இடத்தில் படத்தை நான்கு முறை நிறுத்திவிட்டான்.

திரையில் ஒரு பெண் ஜன்னலைப் பார்த்து நின்றாள். முகம் தெரியவில்லை. நீளப் பின்னல், முதுகு, தோளிலிருந்து முழங்கால்வரை இறங்கிய முந்தானை, அவ்வளவுதான். கறுப்பு வெள்ளைப் படம். வி.சி.டி. என்பதால் நிறுத்தியதும் ஓரமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து நடுங்கியது.

அவன் கையில் ஒரு துண்டுச் சீட்டு. 41.12 என்று பென்சிலால் எழுதி, பக்கத்தில் 120 என்று போட்டிருந்தது. அதன்மேல் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. இப்படிப் பதினான்கு வரிகள். சிலவற்றில் 240. சிலவற்றில் குறி இல்லை. எல்லாம் அனுவின் கையெழுத்து.

அனு போய்ப் பத்து மாதம் ஆகிறது.

போவதற்கு முன் பதினோரு நாள் அவள் அவனோடு பேசவில்லை. சோறு போட்டாள், துணி மடித்து வைத்தாள், பேசவில்லை. சண்டை பெரிய சண்டையும் இல்லை. கல்யாணத்துக்கு முன் பிள்ளையார்பாளையத்தில் ஒரு டிசைன் கடைக்குப் புடவைக் கரையும் பூவும் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தவள். குழந்தை வளர்ந்துவிட்டாள், மறுபடி போகட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றான். அதோடு விட்டிருக்கலாம். "லெக்சரர் பொண்டாட்டி கூலிக்கு வரையறான்னு பாலிடெக்னிக்ல பேசணுமா?" என்றும் கேட்டான். அவள் பென்சில் டப்பாவைப் பரணில் தூக்கிப் போட்டாள். வாயையும் மூடிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் குடல்வால் வெடித்தது. வலி மூன்று நாலு நாளாகவே இருந்திருக்கும் என்றார் டாக்டர். அவனிடம் அவள் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்து போய்விட்டாள்.

அந்தப் பதினோரு நாளும் பகலில் இந்த ஒரு படத்தையே போட்டுப் பார்த்திருக்கிறாள். சாயந்தரம் அவன் வரும்போது டி.வி.யின் முதுகு சூடாக இருக்கும். 'ஏழு ஜன்னல் வீடு.' அவன் பிறப்பதற்கு முன்னால் வந்த படம். கடல் தாண்டிப் போன புருஷனுக்காக ஒருத்தி ஏழு ஜன்னலிலும் மாறி மாறி நிற்பாள். கருமாதி முடிந்த பிறகு வட்டை எடுத்து உறையில் போடப்போனபோது உள்ளேயிருந்து சீட்டு விழுந்தது.

படிக்கிற காலத்தில் கல்லூரித் திரைப்பட வட்டத்துக்குப் பிரேம்நாத்தான் செயலாளர். நல்ல படத்தில் எதுவும் சும்மா வராது என்பது அங்கே பாலபாடம். கண்ணாடி வந்தால் ஓர் அர்த்தம். படிக்கட்டு வந்தால் ஓர் அர்த்தம். கல்யாணமான புதிதில் அனுவைப் பக்கத்தில் உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லுவான்.

"ஜன்னல்னா ஜன்னல்தானங்க?" என்பாள். சிரிப்பாள். ஆனாலும் கடைசிவரை உட்கார்ந்து கேட்பாள்.

அதனால்தான் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. வாயால் சொல்லாததை அவனுக்குப் புரிகிற விதத்தில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

பதினான்கு இடத்தையும் எத்தனையோ முறை பார்த்துவிட்டான். பதினான்கிலும் அந்தப் பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். 120 என்பதை நாள் என்று வைத்து, அவள் போன தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினான். அன்று இருவரும் மாமல்லபுரம் போயிருந்தார்கள். குழந்தைக்குக் குடை வாங்குவதில் ஏதோ வாக்குவாதம். 240ஐ எண்ணினான். அன்று எதுவும் நடந்ததாக ஞாபகம் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

வாசலில் டி.வி.எஸ். வண்டி வந்து நின்றது.

மாமனார் கோதண்டபாணி. கூரத்திலிருந்து வெயிலில் வந்தவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

"இன்னா மாப்ள, கருட சேவ முடிஞ்சி நாலு நாளாச்சு, பந்தல் மூங்கில் இன்னும் தெருவுலயே கெடக்குது? வண்டி வுட வழியில்ல."

"எடுப்பாங்க மாமா. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். பள்ளிக்கூட விண்ணப்பம்.

"இன்னிக்கு நாலு மணிதான் கெடு. ஒண்ணாங் கிளாஸுல ரெண்டே எடம் கீதாம். வேன் நம்ம வூட்டு வாசலுக்கே வருது. எல்லாம் எழுதிட்டேன். அப்பா கையெழுத்து இல்லாம எடுக்க மாட்டேன்னுட்டாங்க."

பிரேம்நாத் கை நீட்டவில்லை. அவன் மேஜையில் இன்னொரு விண்ணப்பம் இருந்தது. அது இந்தத் தெருமுனைப் பள்ளிக்கூடத்துடையது. நிரப்பி வைத்து இரண்டு வாரம் ஆகிறது.

மங்கைக்கு ஐந்து வயசு முடிந்துவிட்டது. அம்மா போன நாளிலிருந்து கூரத்தில் இருக்கிறாள். ஸ்கூல் திறந்ததும் அப்பாவோடுதான் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறான். அங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டால் அப்புறம் அங்கேதான். இது இருவருக்கும் தெரியும்.

"அத்தை என்ன சொல்றாங்க?"

"அவ சொல்றது ஒனக்குத் தெரியாததா?"

தெரியும். அனுவை எடுக்கும்போது மாமியார் பெரியநாயகி எல்லார் எதிரிலும் அவன் சட்டையைப் பிடித்தாள். அதுநாள்வரை நீங்க, வாங்க என்றவள். "எம் பொண்ணு உங்கூடப் பேசப் புடிக்காமயே செத்தா. அந்தக் கொழந்தைய நீ கேக்காத" என்றாள். அவன் பதில் சொல்லவில்லை. பத்து மாதமாக அந்தப் பதிலைத்தான் தேடிக்கொண்டிருந்தான். அனு கோபத்தோடு போகவில்லை என்று அவளே எழுதிய ஒரு வரி. அது கிடைத்தால் கூரம் போய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். இல்லாவிட்டால் எந்த முகத்தோடு கேட்பது?

கோதண்டபாணி டி.வி.யைப் பார்த்தார். அப்புறம் மருமகன் கையைப் பார்த்தார்.

"கார்த்தாலயே சினிமாவா? கையில இன்னாது?"

"ஒண்ணுமில்ல."

"அனு எழுத்தாச்சே." அவர் சீட்டை வாங்கித் தூரமாகப் பிடித்துப் படித்தார். முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு வந்தது. "நூத்தியிருவது, எரநூத்தி நாப்பது. கல்யாணத்துக்கு மின்ன வூடு பூரா இப்டிதான் துண்டு துண்டா கெடக்கும். பெருக்கித் தள்ளிட்டா அவங்கம்மா தொலைஞ்சா. அன்னிக்குப் பூரா ரெண்டும் கத்திக்கினு கெடக்கும்."

"இல்ல மாமா. இது வேற."

"வேறன்னா?"

பிரேம்நாத் டி.வி.யைக் காட்டினான். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஐந்து ஏக்கர் வேர்க்கடலையும் ஊர்ப் பஞ்சாயத்தும் பார்க்கிற மனுஷரிடம் முதுகுக்கு அர்த்தம் சொல்ல வாய் வரவில்லை.

"சம்பந்தத்தப் போய்க் கேளு. அவரு கடைலதான் அது நாலு வருசம் இருந்துச்சு" என்றார் கோதண்டபாணி. "அத வுடு. இதுக்கு இன்னா சொல்ற?"

"மூணு மணிக்கு நானே கூரம் வரேன்."

"வந்தா ரெண்டுல ஒண்ணு சொல்லிடணும் மாப்ள. புள்ள தெனம் வேன் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடுது. அப்பாதான் வந்துட்டாருன்னு நெனைச்சிக்குது. வேன்ல எவனாவது வருவானான்னு சொன்னா அழுவுது."

அவர் விண்ணப்பத்தை மறுபடி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் மூங்கிலைக் காலால் தள்ளுகிற சத்தம் கேட்டது.

பிரேம்நாத் சீட்டை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடினான். போய்க் கேட்டால், இது கடைச் சீட்டு இல்லை என்றுதான் சம்பந்தம் சொல்லப்போகிறார். அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகக் கூரம் போகலாம் என்று நினைத்தான்.

*

திருஞானசம்பந்தத்தின் கடை ஒரு நீள அறை. சுவர் முழுக்கக் கட்டம் போட்ட கிராஃப் தாள்கள். சிவப்பும் பச்சையுமாகக் கட்டங்கள் நிரம்பி, தூரத்தில் நின்றால் மயிலும் அன்னமுமாகத் தெரிந்தன. மூலையில், தறிக்குப் போகவேண்டிய ஓட்டை அட்டைகள் நூலில் கோத்து மடிப்பு மடிப்பாகத் தொங்கின. உள்ளே எவரோ அட்டை குத்துகிற டக் டக் சத்தம்.

அறுபது வயசுக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"வாங்க சார். அனு வூட்டுக்காரரு இல்ல நீங்க? காரியத்துக்கு வந்தேன். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

பிரேம்நாத் சீட்டை நீட்டினான். இது என்னவென்று தெரியுமா என்று கேட்க வாய் திறந்தான். கேட்கவேண்டி வரவில்லை.

"அடடே! இது எங்க கெடைச்சுது? இது இல்லாம நான் முழிச்சிக்கினு கெடந்தேனே."

பிரேம்நாத் பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்தான். உட்கார்ந்தான்.

"என்ன இது?"

"படத்துல எங்கெங்க நிறுத்துனா பொடவ நல்லாத் தெரியும்னு எழுதி வச்சிருக்குது. இது டயம். பக்கத்துல இருக்கறது கொக்கி, தறில பூவுக்கு நூலத் தூக்கற கொக்கி எத்தினின்னு. சின்னப் பூன்னா தறில நூத்தியிருவது கொக்கிப் பொட்டி போதும். பெருசுன்னா எரநூத்தி நாப்பது."

"இந்தப் பெருக்கல்?"

"அது சரிப்படாது. படம் கலங்கியிருக்கும், பூ புடிபடாது. தள்ளிட்டு அடுத்தது."

பெருக்கல் குறி போட்ட ஐந்து இடங்கள். அந்த ஐந்தையும் அவன்தான் அதிகம் பார்த்திருந்தான். ஒன்றில் ஜன்னலுக்கு வெளியே மழை. ஒன்றில் பாதி எரிந்த மெழுகுவத்தி. தன்மேல் அவளுக்கு இருந்த வருத்தங்களின் எண்ணிக்கை ஐந்து என்று முடிவுகட்டி, அவை எவை என்றுகூட ஒரு நோட்டில் எழுதியிருந்தான்.

"எல்லாத்துலயும் அவ முதுகக் காட்டிக்கிட்டுதான் நிக்கறா" என்றான். குரல் உயர்ந்துவிட்டது. "பதினாலுலயும். ஒண்ணுல கூட மூஞ்சி இல்ல."

சம்பந்தம் அவனை ஏதோ போலப் பார்த்தார்.

"பின்ன, முந்தி முதுகுப் பக்கந்தான சார் இருக்கும்?"

உள்ளே டக் டக் நின்று மறுபடி தொடங்கியது.

அவரே மேலே பேசினார். தொழிலைப் பற்றிப் பேசும்போது அவர் முகம் தெளிந்தது. "கறுப்பு வெள்ளப் படந்தான் சார் இந்த வேலைக்கு லாயக்கு. கலர்ல கண்ணு கலர் பின்னாலயே பூடும். இதுல ஜரிக மட்டும் பளிச்சுனு வெள்ளையா நிக்கும். ஒவ்வொரு பூவையும் எண்ணிடலாம். அந்தக் காலத்து ஈரோயினுங்க கட்டிக்கினு இருந்த மாதிரியே வேணும்னு ஒரு பட்டுக்கடைல கேட்டாங்க. அனுதான் செய்யும்னு நெனச்சேன். நானேதான் பர்மா பஜார்ல அந்தப் படத்த வாங்கியாந்து குடுத்தேன்."

"நீங்க குடுத்தீங்களா?"

"ஆமா. அந்தம்மா நடிச்சது நாலஞ்சு இருந்துது. இதுலதான் பொடவ ஜாஸ்தி."

படத்தைக்கூட அவள் தேர்ந்தெடுக்கவில்லை.

சம்பந்தம் எழுந்துபோய்ப் பீரோவிலிருந்து ஒரு சுருளை எடுத்துவந்து மேஜைமேல் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தார். அனுவின் கிராஃப். ஒன்பது பூக்கள். நடுங்கிக்கொண்டே நின்ற அந்தக் கலங்கல் திரையிலிருந்து ஒவ்வொன்றையும் பிரித்தெடுத்துக் கட்டம் கட்டமாக நிரப்பியிருந்தாள். ஒரு கட்டம்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. ஓரிடத்தில் அழித்து அழித்துத் தாள் மெலிந்து, மறுபடி வரைந்திருந்தது.

பிரேம்நாத் அதே படத்தை அவளைவிட நூறு முறை அதிகமாகப் பார்த்திருப்பான். இந்தப் பூக்களில் ஒன்றுகூட அவன் கண்ணில் படவில்லை.

"எப்ப வந்தா இங்க?"

"நீங்க வேலைக்குப் போனப்புறம். பத்து, பத்தரைக்கு. கொழந்தைய எதிர் வூட்ல வுட்டுட்டு வரும். மூணு வாட்டி வந்திருக்கும்." அவர் தயங்கினார். "உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியாது."

"சரி சார்."

"என்னப் பத்தி எதாவது சொன்னாளா?"

"தப்பா ஒண்ணும் சொல்லல சார்."

"நல்லதா?"

சம்பந்தம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை. "டிசைனப் பத்திதான் சார் பேசும்."

பிரேம்நாத் எழுந்தான். போகட்டும், சொல்லியே ஆகவேண்டும் என்று முடிவெடுத்தவர்போல அவர் வாசல்வரை கூடவே வந்தார்.

"கடைசியா வந்த அன்னிக்கு அதுக்கு முடியல சார். இந்த வலது பக்கம் கைய வச்சி அழுத்திக்கினே உக்காந்திருந்துது. மூஞ்செல்லாம் வேர்வ. வூட்டுக்காரருக்கு போன் போடட்டுமாம்மான்னேன். வாணாண்ணா, இங்க வந்தது அவருக்குத் தெரிஞ்சிடும்னுச்சு. ஒரு சோடா வாங்கிக் குடுத்தேன். பாதி குடிச்சிட்டு எழுந்து பூட்ச்சு. நான் போட்டிருக்கணும் சார். நம்பர் இல்ல. விசாரிச்சா கெடைச்சிருக்கும்."

"அது எந்தக் கிழமை?"

"திங்கக்கெழம."

செவ்வாய்க்கிழமைதான் வெடித்தது.

*

கூரத்துக்குப் போகிற வழியில் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தினான். எதற்கு நிறுத்தினோம் என்று தெரியாமலே மறுபடி கிளப்பினான்.

கோபமா என்று பத்து மாதம் தேடினான். கோபமில்லை. பயம். உயிர் போகிற வலியைவிடப் புருஷனுக்குத் தெரிந்துவிடும் என்கிற பயம் பெரிதாக இருந்திருக்கிறது. கோபமாக இருந்திருந்தால் தேவலை.

மூன்றரைக்கு வீட்டு முன் நின்றான். வாசல் கொட்டகையில் பெரியநாயகி விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். முறத்தில் தோல் குவிந்திருந்தது. மங்கை பக்கத்தில் உட்கார்ந்து, உரித்த பருப்பை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தவள் ஓடிவந்தாள்.

"ப்பா, ஸ்கூல் தொறந்துடுச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"எப்ப தொறப்பாங்க?"

"சீக்கிரம்."

"சீக்கிரம்னா எத்தினி நாளு?"

கோதண்டபாணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். குழந்தைக்குத் தலை சீவி, நல்ல கவுன் போட்டிருந்ததை அப்போதுதான் பிரேம்நாத் கவனித்தான்.

"வந்துட்டியா மாப்ள. யோசிச்சியா?"

"யோசிச்சிட்டேன்."

பெரியநாயகி தலையைத் தூக்கவில்லை. விரல்கள் மட்டும் வேகமாக வேலை செய்தன. மருமகனிடம் அவள் நேராகப் பேசுவதை விட்டுப் பத்து மாதம். சாப்பிடச் சொல்வதென்றால்கூடக் குழந்தையிடம்தான் சொல்லி அனுப்புவாள்.

"அத்தை" என்றான். "நீங்க அன்னிக்குச் சொன்னது சரி."

விரல்கள் நின்றன.

"அவளுக்கு வலி இருந்திருக்கு. வெடிக்கறதுக்கு முன்னாடியே இருந்திருக்கு. என்கிட்ட சொல்லல. எனக்குத் தெரியாம சம்பந்தம் கடைக்கு வரஞ்சு குடுத்துக்கிட்டிருந்தா. வலின்னு சொன்னா அதுவும் தெரிஞ்சிடும்னு பயந்துக்கிட்டு அடக்கிக்கிட்டா. சம்பந்தம்கிட்டயே அப்படித்தான் சொல்லியிருக்கா. இன்னிக்குதான் தெரிஞ்சுது." மூச்சு வாங்கிக்கொண்டான். "எனக்குப் பயந்துதான் செத்தா. நான் வச்சு வளத்தா இதுவும் எனக்குப் பயப்படும்."

கோதண்டபாணி மனைவியைப் பார்த்தார். அவள் முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுங்க மாமா."

ஸ்கூட்டர் சீட்டின்மேல் தாளை விரித்து வைத்தான். 'தந்தையின் கையொப்பம்' என்ற இடத்தில் போட்டான். அதற்குக் கீழே, குழந்தை யாருடைய பராமரிப்பில் என்ற வரியில் கோதண்டபாணி ஏற்கெனவே தன் பெயரை எழுதியிருந்தார். அதன் எதிரில் சம்மதம் என்று ஒரு கையெழுத்து. அதையும் போட்டான்.

"புள்ளையும் இட்டுனு வரச் சொல்லியிருக்காங்க. ஒரு தபா பாக்கணுமாம்" என்றார் கோதண்டபாணி. "வா கண்ணு. வண்டில மின்னால நில்லு."

"எங்க தாத்தா?"

"ஸ்கூலுக்கு."

மங்கை கைதட்டினாள். வண்டியில் ஏறி நின்றுகொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பினாள். "ப்பா வூட்டு ஸ்கூலா?"

கோதண்டபாணி அவசரமாக வண்டியை மிதித்தார். புகையும் சத்தமுமாக வண்டி கிளம்பியது. தெரு திரும்புகிற வரைக்கும் குழந்தை ஒரு கையை ஆட்டிக்கொண்டே போனாள். பிரேம்நாத்தும் ஆட்டினான்.

ஸ்கூட்டரைத் தள்ளத் தொடங்கினான்.

"அது அவ வார்த்த இல்ல."

பெரியநாயகியின் குரல். அவன் நின்றான். அவள் அவனைப் பார்த்துத்தான் பேசுகிறாள் என்பது புரியச் சற்று நேரம் பிடித்தது.

"கடைக்குப் போனது தெரிஞ்சிடும்னு சொன்னது அனு வார்த்த இல்ல. எம் வார்த்த."

"என்ன அத்தை?"

"திங்கக்கெழம கார்த்தால போன் பண்ணிச்சு. அடிவயிறு புடுங்குதும்மா, மூணு நாளா இருக்குது, அவருகிட்ட சொல்லட்டுமான்னு கேட்டுச்சு. நாந்தான் வாணாம்னேன். ஆஸ்பத்திரின்னு போனா எங்க போன, இன்னா சாப்ட, யாரு கூட இருந்தன்னு எல்லாம் வெளிய வரும், கடைக்குப் போனது அவருக்குத் தெரிஞ்சிடும், இருக்கற சண்ட பத்தாதான்னேன். சீரகத்தப் போட்டுக் காய்ச்சிக் குடி, சரியாப்பூடும்னேன். எங்களுக்கெல்லாம் அப்டிதான் சரியாச்சு." அவள் முந்தானையால் வாயைப் பொத்தினாள். அழவில்லை. வேறு ஏதாவது வெளியே வந்துவிடாமல் பிடித்துவைத்த மாதிரி இருந்தது. "நீங்க கையெழுத்துப் போடறதுக்கு மின்ன சொல்லியிருக்கணும். சொல்லல."

வண்டிச் சத்தம் இன்னும் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது இரைச்சல் கூடி, அப்புறம் சட்டென்று அடங்கியது.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. பத்து மாசமா நீங்கதான் கொன்னீங்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன். அப்டி சொல்லிக்கினு இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வந்துது." அவள் நேராக அவனைப் பார்த்தாள். "ஆனா புள்ளைய மட்டும் கேக்காதீங்க மாப்ள. குடுக்க மாட்டேன். கையெழுத்து போட்டுட்டீங்க. அவரு வந்து கேட்டா நான் இதெல்லாம் சொல்லவே இல்லன்னு சொல்லுவேன்."

பிரேம்நாத் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று ஐம்பது. வேகமாகப் போனால் பள்ளிக்கூட வாசலில் பிடித்துவிடலாம். சாவி கையில்தான் இருந்தது. அவன் போகவில்லை. ஸ்டாண்டை மறுபடி போட்டுவிட்டு, கடலைத் தோல் சிதறிய தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"சொல்லட்டுமான்னு கேட்டாளா?"

"கேட்டுச்சு."

"எப்படிக் கேட்டா, அத்தை?"

"எப்டின்னா?"

"கோவமாக் கேட்டாளா? இல்ல, சொல்லணும்னு ஆசையாக் கேட்டாளா? அந்தக் குரல் எப்படி இருந்துது?"

பெரியநாயகி யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, கண்ணை மூடி, நிஜமாகவே யோசித்தாள். அவன் காத்திருந்தான்.

"தெரியல மாப்ள" என்றாள். "அடுப்புல பால் பொங்கிக்கினு இருந்துது. நான் சரியா காதுல வாங்கல."